தீவக இல்லங்களில் இசையும் கடல்கடந்த கனவும்

யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதி மக்களின் புலப்பெயர்வு பற்றி இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் பொருளாதாரக் காரணங்களைக் கூறுவதோடு அமைந்துவிடுகின்றன. பயிர்நிலம் குறைவு, நன்னீர்க் கிணறுகள் அரிது, சீதன வழக்கினாற் காணி தலைமுறைதோறும் துண்டுபடுகின்றது, எனவே ஆண்மக்கள் வெளியேறினர் என்பது அவ்விளக்கத்தின் சாரம். இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் வறட்சியுற்ற எல்லா ஊர்களும் ஒரே வகையாகப் புறப்பட்டு விடுவதில்லை என்பதும் உண்மையே. ஒருவன் கப்பலேறுவதற்கு முன்னர் அவனது குடும்பம் மனத்தளவிற் பலமுறை கப்பலேறியிருத்தல் வேண்டும். தாய் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுப்பதற்கும், தமக்கை தன் திருமணத்தை ஈராண்டு தள்ளிவைக்க இசைவதற்கும், தந்தை ஈட்டுறுதியிற் கையொப்பமிடுவதற்கும் அவ்வீட்டில் ஏற்கெனவே ஒரு தூர தேசம் குடிபுகுந்திருக்க வேண்டும். அத்தேசம் எவ்வழியாக உள்ளே வந்தது என்ற வினாவையே நாம் இங்கு எழுப்புகின்றோம். வழிகள் பல. கடிதம், காசுக்கட்டளை, விடுமுறையில் வந்தவரின் பெட்டி ஆகியவற்றை யாவரும் அறிவர். இசை என்னும் வழி போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்பது எமது கருத்து.

தீவகம் என்பது ஒதுங்கிக் கிடந்த ஒரு மூலை என்ற எண்ணத்தை முதலில் விலக்கி வைத்தல் தகும். நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டிலேயே ஊராத்துறைக்கு வரும் அந்நிய வணிகரைப் பாதுகாப்பது பற்றியும், உடையும் மரக்கலங்களிற் பண்டாரத்துக்குரிய பங்கு பற்றியும் கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கும், ஏனைய சரக்குக் கலமாயின் சரிபாதியும் அரசனுக்கு. அவ்வூராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிலும் அது துறைமுகமாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் கூற்றிலிருந்து மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் யாழ்ப்பாணத்து இளைஞர் சென்றபோது தீவாரும் சென்றனர். கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்தவர்களில் தீவாரின் தொகை சிறிதன்று. ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகள் தமிழை எடுத்துக்கொண்டு உலகைச் சுற்றி வந்ததும், தம் பயண நூலுக்கு ‘ஒன்றே உலகம்’ எனப் பெயரிட்டதும் அம்மண்ணின் இயல்புக்கு மாறானவை அல்ல.

இத்தகைய சமூகத்திற் குழந்தை கேட்கும் முதற் புவியியற் பாடம் தாலாட்டு ஆகும். மாமன் எந்த ஊருக்குப் போனான், அங்கிருந்து என்ன கொண்டு வருவான் என்று அடுக்கிச் செல்வது தமிழ்த் தாலாட்டின் பொது மரபு. உள்நாட்டுக் கிராமமொன்றில் இவ்வடுக்கு வெறும் அலங்காரமாகவே நின்றுவிடலாம். மாமன் உண்மையாகவே பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் வீட்டில் அது செய்தியாகின்றது. தொட்டிலை ஆட்டுபவள் பெண். பயணம் செய்பவன் ஆண். கனவை வளர்க்கும் பொறுப்பு வீட்டில் நிற்பவளிடமும், அதனை அனுபவிக்கும் வாய்ப்பு வெளியே செல்பவனிடமும் இருந்தமை பின்வரும் காலங்கள் அனைத்துக்கும் பொருந்தும் ஓர் உண்மையாகும். இதனோடு ஒப்பிடுகையிற் கடற்றொழிலாளரின் அம்பாப் பாடல்களில் இவ்வேட்கை காணப்படுவதில்லை. வலை இழுக்கும்போதும் தண்டு வலிக்கும்போதும் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏற்றுப்பாடும் இப்பாடல்களின் பணி, பல கைகளின் விசையை ஒரு கணத்தில் ஒன்றுசேர்ப்பது. கடல் அவர்களுக்கு உழைப்புக்களம். கடலுக்கப்பால் உள்ளவற்றைக் கனவு காண்பதற்கு ஒருவர் சற்றேனும் கரையில் அமர்ந்திருக்க வேண்டும் போலும்.

கரையில் அமர்ந்திருந்தவர்களின் பெருங்கனவு கூத்திலே வெளிப்பட்டது. லைடன் தீவின் கத்தோலிக்க ஊர்கள், சிறப்பாக மெலிஞ்சிமுனை, நாட்டுக்கூத்துக்குப் பெயர்பெற்றவை. வடபுலத்துக் கத்தோலிக்கக் கூத்துகளின் தலைப்புகளே ஒரு தேசப்படம் போன்றவை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த என்றீக் எம்பரதோர் நாடகம் (1964), மூவிராசாக்கள் நாடகம் (1966) ஆகியன மன்னார்ப் பகுதிக்குரியனவாயினும் அவற்றின் உலகம் தீவகத்துக் கூத்தருக்கும் அந்நியமானதன்று. ‘எம்பரதோர்’ என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். அது கோட்டை வாசலிலிருந்து வட்டக்களரிக்கு வந்து, அண்ணாவியாரின் வாயில் விருத்தமும் கொச்சகமுமாகத் தமிழாகிவிட்டது. மூவிராசாக்கள் கதையோ முழுவதும் ஒரு பயணம். கிழக்கிலிருந்து மூன்று அரசர் ஒரு விண்மீனைத் தொடர்ந்து அறியாத நாடொன்றுக்குச் செல்கின்றனர்; வந்த வழியே திரும்பாது வேறு வழியால் தம் நாடு மீளுகின்றனர்.

கூத்து ஓரிரவில் முடிந்துபோகும் நிகழ்ச்சி அன்று என்பதை இங்கு மனங்கொள்ளுதல் வேண்டும். பழக்கம் மாதக்கணக்கில் நடைபெறும். கொப்பியில் எழுதிய பாட்டை மகன் மனனஞ் செய்ய, அடுப்படியில் இருக்கும் தாய்க்கும் தங்கைக்கும் அது தானாகவே பாடமாகிவிடும். வரவுப்பாட்டிலே அரசன் தன் நாட்டையும் குலத்தையும் கூறித் தோன்றுவான். கட்டியகாரன் அவன் ஆளும் திசைகளை அறிவிப்பான். பகலில் திருக்கை வலை பொத்துபவன் இரவில் உரோமாபுரியை ஆண்டான். இக்கூத்தின் புவியியல் பிழைமலிந்தது என்று படித்தோர் நகைத்ததுண்டு. எமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. தூர தேசம் என்பது தன் வாயாற் பாடிச் சென்றடையக்கூடிய இடம் என்ற துணிவை அது ஒரு குடும்பத்துக்கு அளித்தது. பின்னாளிற் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்ற தீவார் அங்கும் கூத்துப் பழகியதில் வியப்பில்லை. கனடாவில் வாழும் எழுத்தாளர் ஒருவர் மெலிஞ்சிமுத்தன் என்று தம் ஊரையே புனைபெயராகச் சூடிக்கொண்டமையும் இத்தொடர்ச்சியின் ஒரு கூறே.

சைவ ஊர்களில் இதே பணியைத் திருவிழா ஆற்றியது. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தின் ஆனி மாதத் திருவிழாவுக்குக் குடாநாடெங்குமிருந்து அடியார் வள்ளங்களிலும் பின்னாளில் இயந்திரப் படகுகளிலும் சென்றனர். யாழ்ப்பாணத்துப் பெருங்கோயில்களுக்குத் தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து நாதஸ்வர, தவில் வித்துவான்கள் பருவந்தோறும் அழைக்கப்பட்டனர். சிலர் இங்கேயே தங்கி உறவுகொண்டனர். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அங்கு சென்று குருகுலவாசஞ் செய்தனர். கடவுச்சீட்டு இல்லாத அக்காலத்தில் பாக்குநீரிணையின் இரு கரைகளையும் ஒரே இசைப்பரப்பாக வைத்திருந்தவர்கள் இப்பெரியமேளக் குடும்பத்தினரே. தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933 – 1975) தமிழகத்தின் முன்னணி நாதஸ்வரக் கலைஞர்களுக்கு வாசித்து அங்குள்ளோரை வியக்கவைத்தார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படமும் பின்னர் வந்தது.

ஆயின் இவ்விடத்து ஒரு முரண்பாட்டை மறைத்துச் செல்வது ஆய்வு நேர்மையாகாது. எவருடைய இசையைக் கேட்டு வேளாளர் வீடுகள் சிதம்பரத்தையும் தஞ்சையையும் கனவு கண்டனவோ, அவ்விசைக்குடும்பங்களைச் சாதி வரிசையில் தமக்குக் கீழேயே வைத்திருந்தன. மேளக்காரருக்குச் சால்வை உண்டு, சமபந்தி இல்லை. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை பரீட்சைகளை நடத்தத் தொடங்கியதும், மருதனார்மடத்தில் 1960இல் இராமநாதன் இசைக் கல்லூரி நிறுவப்பட்டதும் சங்கீதத்தை மத்தியதர வர்க்க வீடுகளுக்குரிய கல்வியாக்கின. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று இசை கற்று வருதல் ஒரு கௌரவமாயிற்று. வாய்ப்பாட்டும் வீணையும் பயின்ற பெண்ணுக்குச் சான்றிதழ் சீதனத்தோடு சேர்த்து எண்ணப்பட்டது. மரபாகக் கற்றவர் கூலி பெறுபவராகவும், பரீட்சையில் தேறியவர் கலைஞராகவும் கொள்ளப்பட்டமை தற்செயலானதன்று.

பறையடித்தோரின் நிலை இதனினும் வேறானது. சாவீட்டில் அவர்கள் வாசிக்கவேண்டியது கடமை எனப்பட்டது; மறுத்தால் தண்டனை. ஆகவே சாதியொழிப்புப் போராட்டம் வலுப்பெற்ற 1960களிற் பறையைக் கைவிடுதலே அவர்களின் எழுச்சியின் ஒரு பகுதியாயிற்று. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இருந்தும் 1968இல் மாவிட்டபுரத்திற் கோயில் வாசலிலே போராடவேண்டியிருந்தது என்பதை நினைக்கையில் அம்முடிவின் நியாயம் விளங்கும். ஏனையோருக்கு இசை பயணக் கனவை ஊட்டியதென்றால், இவர்களுக்குத் தம்மீது சுமத்தப்பட்ட இசையிலிருந்து விலகிச் செல்வதே பயணக் கனவு. தன் கையில் மேளத்தைத் திணிக்காத ஊர் எதுவோ அதுவே தூர தேசம். இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தமிழிளைஞர் பறையைத் தமிழர் பெருமையின் சின்னமாகக் கற்கின்றனர். அதனை வரவேற்கலாம். ஆயினும் அதனை விட்டவர் ஏன் விட்டார் என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுப்பது நன்று.

கிராமபோன் மலாயாப் பணத்தோடு வந்த பொருள். வசதியுள்ள சில வீடுகளுக்கே உரியது. எல்லா வீடுகளையும் ஒரே நேரத்தில் மாற்றியது வானொலி. கொழும்பில் 1925 டிசம்பரில் ஒலிபரப்புத் தொடங்கியது. திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியது. நெடுந்தீவிலிருந்து இராமேஸ்வரம் ஏறக்குறைய 40 கிலோமீற்றரே. நீர்ப்பரப்பின் மேலாக மத்திய அலை தடையின்றி வந்து சேரும். ஆகவே தீவகத்தின் பற்றரி வானொலிகளுக்குத் திருச்சி அண்டைவீடு போன்றிருந்தது. பெட்டியின் முகக்கண்ணாடியில் அச்சிடப்பட்ட நகரப் பெயர்களின் மீது ஊசி நகர்வதைப் பிள்ளைகள் பார்த்துக் கொண்டிருப்பர். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய தேசப்படத்தைக் காட்டிலும் இப்படம் அவர்களை அதிகம் கவர்ந்திருக்கும் எனக் கருதலாம். ஏனெனில் இதில் விரல் வைத்த இடம் பாடியது.

இக்காலத்தின் அரசியலோடு சேர்த்து நோக்கினால் வானொலியின் பணி மேலும் தெளிவாகும். பழைய காலத்தில் தீவாருக்குத் தமிழகம் வெளிநாடன்று. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பலும் இருபுறமும் புகையிரதமும் இணைந்தோடின. இவற்றுக்குப் புறம்பாகத் தோணிப் போக்குவரவும் நடந்தது. 1948ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் அதனைத் தொடர்ந்த கடவுச்சீட்டு, விசா நடைமுறைகளும் இவ்வழக்கமான போக்குவரவை அனுமதி வேண்டும் காரியமாக்கின; அனுமதியின்றிச் சென்றது கள்ளத்தோணி எனப்பட்டது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1974ஆம், 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் கச்சதீவையும் கடலெல்லையையும் வரையறுத்தன. இவ்வாறு எல்லை படிப்படியாக இறுகிய அதே ஆண்டுகளிலேதான் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை (1950) வளர்ச்சியுற்றது. அகில இந்திய வானொலி 1952ஐ அடுத்த ஆண்டுகளிற் சினிமாப் பாடல்களுக்கு இடங்கொடுக்கத் தயங்கியமையால் தமிழகத்து நேயர் கொழும்பை நாடினர். இதன் விளைவு விசித்திரமானது. சென்னையில் உருவான பாடலை மதுரை நேயர் ஒருவர் விரும்பிக் கேட்க, கொழும்பிலிருந்து மயில்வாகனனின் குரல் அறிவிக்க, புங்குடுதீவில் ஒரு குடும்பம் செவிமடுத்தது. நேயர் விருப்பத்தில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வாசிக்கப்படும். அவ்வரிசையிற் காரைக்குடிக்கும் வேலணைக்கும் நடுவே சுங்கச்சாவடி இல்லை. மனிதர் கடக்க முடியாத கடலை அவர்தம் பெயர்கள் நாள்தோறும் கடந்தன. தீவக வீடுகளில் பயண வேட்கையை மிகுவித்தது பாடல்களின் பொருளைக் காட்டிலும் இவ்வூர்ப்பெயர் வரிசையே என்று துணிந்து கூறுவோம்.

இதற்கு விதிவிலக்கான ஒரு நாளும் உண்டு. தவக்காலத்திற் கச்சதீவு அந்தோனியார் பெருவிழாவுக்கு இரு கரையினரும் சென்று கூடுவர். ஒரே செபமாலையையும் ஒரே சிலுவைப்பாதைப் பாடல்களையும் பாடுவர். போரினாற் பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்த இவ்விழா பின்னர் மீண்டது. வானொலியிற் கேட்ட ஊர்களின் மனிதரை நேரிற் காண்பதற்குச் சாதாரணக் குடும்பமொன்றுக்குக் கிடைத்த வாய்ப்பு ஆண்டுக்கு ஒருமுறை இதுவே.

1970களிற் பொப்பிசை வந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பாடல்கள் எங்கள் பேச்சுவழக்கிலேயே ஒலித்தமையால் இளைஞர் அவற்றை விரும்பினர். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் மத்திய கிழக்குக்குச் சென்றோர் கசற் றெக்கோடருடன் திரும்பினர். இக்கருவி இசையைக் கேட்கும் குடும்பத்தை இசையையும் குரலையும் பதிவுசெய்யும் குடும்பமாக மாற்றியது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கடிதம் அனுப்பலாயினார். ஒரு கசற்றின் ஒரு பக்கத்தில் வீட்டுச் செய்திகள், கோயில் மணி, பேரப்பிள்ளையின் தேவாரம். மறுபக்கத்தில் அங்கிருந்து வரவேண்டிய பதிலுக்காக விடப்பட்ட வெற்றிடம்.

அவ்வெற்றிடம் 1983இன் பின்னர் வேறு பொருள் பெற்றது. அதுவரை பயணம் விருப்பமாயிருந்தது, இப்போது உயிர்தப்புதலாயிற்று. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். முதியோர், பெண்கள், குழந்தைகள் என்ற வேறுபாடு இருக்கவில்லை. தாலாட்டிலும் கூத்திலும் இனிதாக வந்த கடற்பயணம் தீவார் நினைவில் அன்றோடு வேறாயிற்று. 1990, 1991ஆம் ஆண்டுகளில் இராணுவ நடவடிக்கைகளால் தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். மின்சாரம் இல்லை; பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோவில் எழும் மின்னைக் கொண்டு வானொலி கேட்டனர். முதலிற் செய்தி, மிதிப்பவருக்குக் கால் வலிக்காதிருந்தால் பிறகு பாட்டு. சக்கரம் சுழன்றும் வண்டி ஓரடியும் நகராத அக்காட்சியில் முற்றுகையிடப்பட்ட ஒரு சமூகத்தின் பயண வேட்கை முழுவதும் அடங்கியிருந்தது.

புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் (1950 – 2006) இக்காலத்தவர். அவரது ‘காற்றுவெளிக் கிராமம்’ ஆட்களற்றுப்போன ஊரைப் பற்றியது. தம் கவிதைகளை அவர் இசையோடு பாடிக்காட்டுவார். முன்னைய இசை ஊரிலிருந்தவரைக் கடலுக்கப்பால் அழைத்துச் சென்றது. இவரது குரல் கடலுக்கப்பால் சென்றவரை வெறுமையான ஒரு முற்றத்துக்கு அழைத்து வந்தது. கனவின் திசை திரும்பிவிட்டது எனலாம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் வளரும் பிள்ளைகள் மிருதங்கமும் வாய்ப்பாட்டும் கற்பதும், ஊர்ச்சங்க விழாக்களில் அரங்கேறுவதும், கோடை விடுமுறையிற் குறிகட்டுவான் துறையில் நின்று நயினாதீவுக்குப் படகேறுவதும் இத்திரும்பிய திசையைச் சார்ந்தன. அவர்களுடைய பெற்றோரின் கனவில் ஊர் என்பது கசற்றிற் பதிந்த ஊர். பிள்ளைகள் வந்து காண்பதோ கூரையிழந்த வீடுகளும் காடேறிய வளவுகளும். இவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாட்டை அப்பிள்ளைகள் பெற்றோரைவிட அமைதியாக ஏற்றுக்கொள்கின்றனர் என்பது எமது அவதானம்.

பழைய வழிகள் சில இன்று மீண்டுள்ளன. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரிற் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பற் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. ஆயினும் விசாவுக்காக வரிசையில் நிற்கும் இளைஞனின் செவியிற் பொருத்திய கருவியில் எந்நாட்டுப் பாடலும் கேட்கின்றது. தூர தேசத்தைக் கொண்டுவருவதற்கு இசை தேவைப்பட்ட நிலைமை மாறிவிட்டது. வீடு முழுவதும் ஒரே பாடலைக் கேட்டிருந்த வழக்கமும் போய்விட்டமையால், இனிவரும் கனவு குடும்பத்துக்குரியதாயிருக்குமா, தனியாளுக்குரியதாயிருக்குமா என்பது தனியே ஆராயவேண்டிய விடயம்.

அவ்வாராய்ச்சிக்கும் இங்கு கூறியவற்றைச் சரிபார்ப்பதற்கும் வேண்டிய மூலங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. கூத்துக் கொப்பிகளும், சங்கீத சபையின் பழைய சான்றிதழ்களும், சிறப்பாக வீட்டுக் கசற்றுகளும் தனியார் பெட்டகங்களிற் கிடக்கின்றன. ஒலிநாடாவின் காந்தப்பூச்சு உவர்க்காற்றிலும் வெப்பத்திலும் உதிர்ந்துபோகும். நாடா ஒட்டிக்கொண்டால் ஒருமுறை ஓடவிடுவதற்குள் அறுந்துவிடும். நூலகம் நிறுவனம் 2005 தொடக்கம் ஈழத்துத் தமிழாவணங்களை எண்ணிமப்படுத்தி வருகின்றது. பல்கலைக்கழக மாணவர் தத்தம் வீடுகளில் உள்ள கசற்றுகளின் உறையில் எழுதியிருக்கும் பெயர், ஊர், திகதி ஆகியவற்றையேனும் முதலிற் பட்டியலிட்டு வைத்தல் வேண்டும். எழுத்தில்லாத கசற்றாயின், அதிற் பேசுபவர் இன்னார் என்று குரலைக் கேட்டே சொல்லக்கூடிய முதியோர் உள்ளபோதே அதனைச் செய்தல் வேண்டும்.